சங்கரன்கோவிலில் கேட்ட அடிநாதம்

விருதுநகரிலிருந்து சிவகாசி, திருவில்லிபுத்தூர், இராசபாளையம் வழியாகத் தென்காசி நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையில் பயணம் செய்வோர், மேற்குத் தொடர்ச்சி மலை வலப்புறத்தில் நீலத் திரைபோல உடன் வருவதைக் காண்பர். சென்னையில் இரவு பொதிகை விரைவு வண்டியில் ஏறுபவர், காலைக் கதிரொளியில் சங்கரன்கோவில் நிலையத்தில் இறங்கலாம். நெடுங்காலம் நெல்லை மாவட்டத்தோடு இணைந்திருந்த இவ்வூர், 2019-ஆம் ஆண்டு நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானபோது அதனைச் சேர்ந்தது. நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் ஊர் நடுவே ஒன்பது நிலைக் கோபுரம் உயர்ந்து தோன்றும். ஒரு பாதி சிவனும் மறு பாதி திருமாலுமாக ஓருருவில் அமைந்த சங்கரநாராயணர் கோவில் அது. ஆடித் தபசு விழாவின்போது சுற்று வட்டாரமே இங்குத் திரண்டு விடும்.

கோபுரத்தைக் கண்டு திரும்புவோர் ஊரின் மற்றொரு முகத்தையும் காணவேண்டும். தெருக்களில் நடந்தால் வீட்டுக்குள்ளிருந்தும் கூடங்களிலிருந்தும் விசைத்தறிகளின் ஓசை இடைவிடாது கேட்கும். பாவும் ஊடையும் கூடிச் சேலையாகும் ஊர் இது. காலையில் மலர்ச் சந்தைக்குச் சென்றால் மல்லிகையும் பிச்சியும் எடை போடப்படும் பரபரப்பைப் பார்க்கலாம். உழைத்து உண்ணும் மக்கள். ஒரு ரூபாயை இருமுறை எண்ணிச் செலவிடும் மக்கள்.

இவ்வட்டாரத்து ஆலயம் ஒன்றின் திருவிழாவில் நவநாள் மறையுரை ஆற்றச் சென்றிருந்தேன். பாளையங்கோட்டை மறைமாவட்டம் 1973-ல் மதுரையிலிருந்து பிரிந்து உருவானதிலிருந்து இப்பகுதி அதன் பரப்பில் அடங்கும். அங்குத் தங்கிய நாட்களில் ஊரைப் பார்த்ததைவிட ஊரைக் கேட்டதே மிகுதி. கேட்டவற்றுள் ஒன்றைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்.

இசை விளைந்த மண்

சங்கரன்கோவிலுக்கு அருகே சென்னிகுளம் என்னும் சிற்றூர் உள்ளது. காவடிச் சிந்து பாடிய அண்ணாமலை ரெட்டியார் 19-ஆம் நூற்றாண்டில் அங்கேதான் பிறந்தார். ஊற்றுமலை சமீனின் ஆதரவைப் பெற்ற அவர், கிழக்கே உள்ள கழுகுமலை முருகனைப் பாடிய அந்தச் சிந்துகள் தமிழ்நாடெங்கும் பரவின. காவடி தூக்கி நடப்பவரின் காலடியோடு பொருந்தும் தாளம் அவற்றின் உயிர்.

கோவில்பட்டியைக் கடந்து இன்னும் கிழக்கே சென்றால் எட்டயபுரம். முத்துசுவாமி தீட்சிதர் 1835-ல் உயிர் நீத்த ஊர் அது. அவருடைய இளவல் பாலுசுவாமி தீட்சிதர் எட்டயபுரம் அரசவை வித்துவானாக விளங்கியவர். சென்னையில் ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்று, அந்த மேனாட்டுக் கருவியை நம் இசைக்கு உரியதாக்கிய முன்னோடி அவரே. இன்று வயலின் இல்லாத கச்சேரி மேடையை எண்ணிப் பார்க்க முடியுமா? கருவி எங்கே பிறந்தது என்பதைவிட, அது யாருடைய பாட்டைத் தாங்குகிறது என்பதே பெரிது.

நம் திருச்சபையும் இதனையே கூறியது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4-ல் வெளியிட்ட திருவழிபாட்டுச் சாசனம், குழாய் ஆர்கனை உயர்வாக மதித்த அதே இடத்தில், வழிபாட்டுக்குத் தகுந்தவையும் ஆலயத்தின் மாண்புக்கு ஏற்றவையும் இறைமக்களின் பக்தியை வளர்ப்பவையுமான பிற கருவிகளையும் உரியவர்களின் இசைவோடு ஏற்கலாம் என்றது. அதன் பின்னரே நம் பங்குகளில் தபேலாவும் கித்தாரும் வந்தன. காலப்போக்கில் பேஸ் கித்தாரும் வந்து சேர்ந்தது.

கீழே நின்று தாங்கும் ஒலி

பேஸ் கித்தார் என்பது யாது? பார்வைக்குக் கித்தார் போன்றதே. ஆனால் கழுத்து நீண்டது, தந்திகள் நான்கு, ஒவ்வொன்றும் தடித்தது. முன்னர் மேனாட்டு இசைக் குழுக்களில் ஆள் உயரமுள்ள டபிள் பேஸ் என்ற கருவியே இந்த வேலையைச் செய்தது. அதைச் சுமப்பது கடினம். சுரம் பிசகாமல் வாசிப்பது அதனினும் கடினம். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தைச் சேர்ந்த லியோ பெண்டர் என்பவர் 1951-ல் தோளில் மாட்டி வாசிக்கத்தக்க, மெட்டுகள் பதித்த மின் பேஸ் ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தார். மெட்டு இருப்பதால் சுரம் துல்லியமாக விழும். அதனால் 'துல்லியம்' என்று பொருள்படும் 'பிரிசிஷன்' என்பதையே பெயராகச் சூட்டினார்.

இக்கருவியின் மிகக் கீழான தந்தி விநாடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிரும். குருமடத்துப் பாடற்குழுவில் நான் நின்ற கீழ்க்குரல் வரிசை எட்டக்கூடிய அடிச் சுரத்திற்கும் அது ஒரு தாயி கீழே. இத்தகைய ஒலியைக் காது கேட்பதைவிட நெஞ்சு உணர்வதே அதிகம். அது ஒலிக்கும்போது மக்கள் அதைக் கவனிப்பதில்லை. நின்று போனாலோ, பாட்டு தரையை விட்டு எழும்பி மிதப்பதுபோலத் தோன்றும்.

தென்பாண்டி மக்களுக்கு இது புதிய செய்தி அன்று. வில்லுப்பாட்டில் வில்லோடு கட்டிய மண்குடத்தின் வாயைத் தட்டையான மட்டையால் தட்டும்போது எழும் 'கும்' என்ற ஓசையை எண்ணிப் பாருங்கள். குடத்துக்குள் அடைபட்ட காற்று அதிர்வதால் பிறக்கும் ஒலி அது. உடுக்கையும் தாளமும் மேலே ஆட, குடம் கீழே நின்று தாங்குகிறது. நாதசுரத்துக்கு ஒத்தும், நையாண்டி மேளத்துக்கு உறுமியும் அவ்வாறே. இக்காலத் தலைமுறைக்கு அதே சுவையைத் திரைப்பாடல்கள் ஊட்டின. பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராசா 1976-ல் தொடங்கி அமைத்த பாடல்களில், பேஸ் கித்தார் பல இடங்களில் தனக்கென்று ஒரு மெட்டையே பாடிக்கொண்டு செல்லும். தேநீர்க் கடை வானொலியில் அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் அக்கருவியை விரும்பியதில் வியப்பில்லை.

ஓர் இளைஞனின் விருப்பம்

அந்த ஆலயத்தின் பாடற்குழுவில் பேஸ் வாசித்தவன் விசைத்தறிக் கூடம் ஒன்றில் வேலை செய்யும் இளைஞன். தொடக்கநிலையினர் வாங்கும் மலிவான கருவி ஒன்றை மூன்று ஆண்டுகளுக்கு முன் வாங்கித் தானே பழகியிருந்தான். முதல் நாள் நவநாள் முடிந்ததும் என்னிடம் வந்தான்.

"சாமி, இந்தக் கித்தாரை மாற்றியாக வேண்டும். நாற்பதாயிரம் ரூபாயில் நல்லது ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். பாதி தவணை. மீதிக்கு அம்மா சங்கிலியை அடகு வைக்கச் சம்மதித்து விட்டார்கள். நீங்கள் எங்கள் பங்குச் சாமியிடம் ஒரு வார்த்தை சொன்னால், அடகை மீட்கப் பங்கிலிருந்து கொஞ்சம் உதவி கிடைக்கும்."

அவன் தாய் பூக் கட்டி விற்பவர். அந்தச் சங்கிலி அவரிடமிருந்த ஒரே நகை.

"தம்பி, பழையதில் என்ன குறை?" என்று கேட்டேன்.

"ஒலியே வரமாட்டேன் என்கிறது சாமி. விரல் வலிக்கிறது. மேல் மெட்டுக்குப் போனால் சுரம் சேரவில்லை. போதாததற்கு எப்போதும் ஓர் இரைச்சல்."

ஆக, குறைகள் நான்கு. ஒவ்வொன்றாக ஆராய்ந்தோம். என் ஆர்மோனிய அறிவோடு, பாளையங்கோட்டையில் கித்தார் பழுதுபார்க்கும் அன்பர் ஒருவர் தொலைபேசியில் கூறிய வழிகளும் துணை நின்றன. நவநாள் முடிவதற்குள் நாங்கள் கண்டதை, இசைக் கருவி கேட்கும் பிள்ளைகள் உள்ள இல்லங்களுக்குப் பயன்படும் என்று கருதி விரித்து எழுதுகிறேன்.

நான்கு குறைகள், நான்கு காரணங்கள்

விரல் வலிக்குக் காரணம் தந்தி மிக உயரத்தில் நின்றதே. பேஸ் கித்தாரின் நான்கு தந்திகளும் சேர்ந்து ஏறத்தாழ 80 கிலோ எடைக்கு ஈடான விசையோடு கழுத்தை இழுக்கின்றன. வெயிலும் ஈரமும் மாறி மாறித் தாக்கினால் மரம் முன்னோக்கி வளையும். அதை எதிர்த்து நிற்கவே கழுத்தின் உள்ளே ஓர் எஃகுக் கம்பி ஓடுகிறது. அதற்குரிய சாவியால் ஒரு நேரத்தில் கால் திருப்புக்கு மேல் போகாமல் முறுக்கிப் பொறுத்துப் பார்க்க வேண்டும், வன்மை கூடாது. இதைச் சொன்னதும் அவன் சிரித்தான். "பாவு தளர்ந்தால் தறியில் செய்வதுதானே சாமி!" என்றான். கழுத்தை நேராக்கிய பின் குதிரையிலுள்ள சிறு திருகுகளால் தந்தியின் உயரத்தைக் குறைத்தான். 12-ஆவது மெட்டின் மேல் 4 மில்லிமீட்டர் அளவுக்கு நின்ற தந்தி, இரண்டரைக்கு இறங்கியது.

சுரம் சேராமைக்குக் காரணமும் குதிரையிலேயே இருந்தது. தந்தியை 12-ஆவது மெட்டின் மேல் அழுத்தாமல் தொட்டு மீட்டினால் ஒரு சுரம் எழும். அதே மெட்டில் அழுத்தி மீட்டினாலும் அதே சுரம் எழ வேண்டும். அழுத்திய சுரம் ஏறி நின்றால் குதிரையின் தாங்கியைக் கழுத்தை விட்டுச் சற்றுப் பின்னே தள்ள வேண்டும். இறங்கி நின்றால் முன்னே கொணர வேண்டும். சுரம் பார்க்கும் செயலி கைபேசியில் இலவசமாகவே கிடைக்கிறது. அரை மணி நேர வேலை இது.

இரைச்சலோ மின்சாரத்தின் குரல். நம் நாட்டு மின்னோட்டம் விநாடிக்கு 50 முறை திசைமாறி அலைகிறது. பேஸ் கித்தாரின் கீழ்த்தந்தியில் மூன்றாம் மெட்டில் எழும் சுரமும் விநாடிக்கு 49 அதிர்வு. எனவே அந்த இரைச்சல் பாட்டோடு கலந்து வேறுபாடு தெரியாமல் குழப்பும். பார்த்தால், அங்கே ஆம்ப்ளிபயருக்கு எர்த் இணைப்பே இல்லை. மூன்று முனைச் செருகியில் ஒரு முனை உடைந்திருந்தது. இது இசைக்கு மட்டுமன்று, உயிருக்கும் கேடு. எர்த் இல்லாத கருவியின் தந்தியைப் பிடித்தபடி ஒலிவாங்கியில் உதடு பட்டால் நேரும் அபாயத்தைப் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். மின்பணியாளரை அழைத்துச் செருகியையும் இணைப்பையும் சரிசெய்ததும் இரைச்சல் பெரிதும் அடங்கியது.

ஒலி வராமைக்குக் காரணங்கள் இரண்டு. மூன்று ஆண்டுகளாக மாற்றாத தந்திகள் வியர்வையும் அழுக்கும் ஏறிச் செத்துக் கிடந்தன. இது ஒன்று. மற்றொன்றே பெரிது. ஆலயத்தில் கித்தாரின் ஒலி சென்றது எங்கே? கூம்பு ஒலிபெருக்கிகளுக்கும், பேச்சுக்கென்று சுவரில் மாட்டிய நீள ஒலிபெருக்கிகளுக்குமே. மறையுரை தெளிவாகக் கேட்க அவை போதும். 41 அதிர்வுள்ள ஒலியை அவை வெளியிடவே மாட்டா. நாற்பதாயிரம் அன்று, நான்கு இலட்சம் ரூபாய்க் கருவியை அதில் செருகினாலும் மேலோசை மட்டுமே வெளிவரும். குறுகிய வாய்க்காலில் எவ்வளவு நீரைத்தான் விடமுடியும்?

பணம் செல்ல வேண்டிய வரிசை

இதிலிருந்து தெளிவாவது ஒன்று. மிதமான தொகையை வைத்துக்கொண்டு இசைக் கருவியை உயர்த்த விரும்புவோர், கருவியை மாற்றுவதைக் கடைசிப் படியாகக் கொள்ள வேண்டும்.

முதற்படி, புதிய தந்திகளும் செப்பனிடுதலும். ரூ.2,000-ஐ ஒட்டிய விலையில் நல்ல தந்தித் தொகுதி கிடைக்கும். மேற்சுற்று தட்டையான தந்திகள் சற்று விலை கூடியவை. ஆயினும் ஒலி மெதுவானது, விரல் உராயும் ஓசை எழாது, நெடுநாள் உழைக்கும். பாடற்குழுவுக்கு அவை மிகப் பொருந்தும்.

இரண்டாம் படி, ஒலி செல்லும் வழி. கித்தாரின் மெல்லிய மின்குறியை நீண்ட வடத்தில் இழப்பின்றிக் கொண்டு செல்லும் 'டி.ஐ. பெட்டி' சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கும். அதனோடு தாழ்ந்த ஒலியை வெளியிடத்தக்க பெரிய ஒலிபெருக்கி ஒன்றேனும் வேண்டும். அதையும் சுவர் மூலையில் வைத்தல் ஆகாது. அடிச் சுரத்தின் ஒலியலை 8 மீட்டருக்கு மேல் நீளமுடையது. சிறிய ஆலயத்தின் அகலமே ஏறத்தாழ அவ்வளவுதான். மூலையில் வைத்தால் ஒரு சுரம் மட்டும் இடிபோல் முழங்கும்; மற்றவை மறையும். இந்தச் செலவு பங்கினுடையது; இளைஞன் சுமக்க வேண்டியதன்று. எல்லாருக்கும் பயன்படுவதைப் பங்கு வாங்கட்டும். வாசிப்பவன் கைக்கு இசைந்த கருவி அவனுக்கே சொந்தமாக இருக்கட்டும். பொதுவில் வாங்கிய கித்தாரை எல்லாரும் எடுப்பர். தந்தி மாற்ற ஒருவரும் இரார்.

இவ்விரு படிகளும் முடிந்த பின்னும் குறை நீடித்தால் மூன்றாம் படியாகக் கருவியை மாற்றலாம். எப்போது எனக் கேட்பீர்கள். கழுத்து முறுக்கிக்கொண்டு நேராகாதபோது; மெட்டுகள் தேய்ந்து தந்தி எங்கும் உரசும்போது; பிருடைகள் நிற்காமல் ஒரு பாட்டுக்குள்ளேயே சுருதி இறங்கும்போது; இவை எதுவும் இன்றியும், கை கருவியைக் கடந்து வளர்ந்துவிட்டபோது.

இன்று தொடக்கநிலைக் கருவிகள் பெரும்பாலும் ரூ.20,000-க்குள்ளும், இடைநிலைக் கருவிகள் ரூ.30,000 முதல் 50,000 வரையிலும் உள்ளன. யமஹா, ஐபனீஸ், கார்ட், பெண்டரின் கிளைப் பெயரான ஸ்குவயர் ஆகியவை பலரும் நாடும் பெயர்கள். கூடுதல் பணம் நமக்குத் தருவது செம்மையாகப் பதித்த மெட்டு, நிலையான கழுத்து, இரைச்சல் குறைந்த பிக்கப், உறுதியான பிருடை ஆகியவற்றையே. வாசிப்பவனின் விரலில் தாளத்தை அது வைக்காது. ஒன்பது வோல்ட் மின்கலத்தோடு இயங்கும் வகையில் ஒலியை விரும்பியபடி மாற்றலாம். ஆனால் வடத்தைச் செருகியே விட்டுவிட்டால் மின்கலம் தீர்ந்து, திருப்பலி நடுவே ஒலி சிதையும். மின்கலம் வேண்டாத எளிய வகை சிற்றூர்ப் பங்குக்கு நன்று. எடையையும் பார்க்க வேண்டும். 4 கிலோ கருவியைத் திருவிழாப் பாடற்பூசை முழுவதும் தோளில் தாங்குவதற்கு அகன்ற தோள்வார் தேவை.

வாங்குமுன் கையில் எடுத்து வாசித்துப் பார்ப்பதே முறை. சென்னை அண்ணா சாலையில், 1842-ல் மிஸ்குவித் என்ற பெயரில் தொடங்கிய மியூசி மியூசிக்கல் போன்ற பழம்பெரும் கடைகளில் எடுத்து வாசித்துப் பார்க்கலாம். இரவு வண்டி ஏறினால் மறுநாள் காலை சங்கரன்கோவில். பிறர் பயன்படுத்திய கருவியும் இகழத்தக்கதன்று. கழுத்தை நுனியிலிருந்து ஒற்றைக் கண்ணால் பார்த்து முறுக்கு உண்டா என அறிய வேண்டும். தலைப்பகுதியில் வெடிப்பு, ஒவ்வொரு மெட்டிலும் உரசல், குமிழைத் திருப்பும்போது கரகரப்பு, உள் எஃகுக் கம்பி இன்னும் திரும்புகிறதா என்பது, இவை அனைத்தையும் சோதித்தால் பாதி விலையில் நல்ல கருவி அமையும்.

திருவிழா நாளில்

அந்தச் சில நாட்களில் சங்கிலி அடகுக்குப் போகவில்லை. புதிய தந்திகள் திருநெல்வேலியிலிருந்து வந்தன. பெரிய ஒலிபெருக்கி ஒன்றை அவ்வாண்டு வாடகைக்கு எடுக்கப் பங்குச் சாமி இசைந்தார். பின்னர் பங்குப் பேரவை சொந்தமாகவே வாங்கிற்று. திருவிழாத் திருப்பலியில் காணிக்கைப் பாடல் எழுந்தபோது, முன்வரிசையில் இருந்த முதியவர் ஒருவர் தம்மை அறியாமல் காலால் தாளமிட்டதைக் கண்டேன். எந்தக் கருவி தம் காலை அசைத்தது என்று அவர் அறிந்திருக்க மாட்டார்.

அவனுக்கு நான் கூறிய இன்னொன்றும் உண்டு. எதிரொலி மிகுந்த ஆலயத்தில் தாழ்ந்த சுரங்களை நீட்டினால் அவை ஒன்றோடொன்று குழம்பிச் சேறாகும். ஒவ்வொரு சுரத்தையும் கையால் அடக்கி முடிக்க வேண்டும். குறைவாக வாசிக்க வேண்டும். வில்லுப்பாட்டில் குடம் அடிப்பவர் எல்லா இடத்திலுமா தட்டுகிறார்? தட்டாத இடத்தில்தான் பாட்டின் சொல் கேட்கிறது.

மறு ஆண்டு அவ்வழியே சென்றபோது அவன் புதிதாய் ஒன்று வைத்திருந்தான். புதிதன்று, ஒருவர் ஐந்தாண்டு வாசித்துக் கொடுத்தது. ஆண்டுப் போனசையும் சீட்டுப் பணத்தையும் சேர்த்துக் கடனின்றி வாங்கியிருந்தான். "இப்போது இதன் அருமை தெரிகிறது சாமி. போன வருசமே வாங்கியிருந்தால் இதற்கும் அதற்கும் வேறுபாடே தெரிந்திருக்காது" என்றான். பழைய கருவி, கழுத்து நேராக, புதுத் தந்தியோடு, பாடற்குழுவில் சேர்ந்த பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் கையில் இருந்தது.

பெற்றோரே, உங்கள் பிள்ளை இசைக் கருவி ஒன்று கேட்டால் மறுத்துவிடாதீர்கள். கேட்ட மாத்திரத்தில் கடன் வாங்கியும் கொடுக்காதீர்கள். அருகில் அமர்ந்து, இருப்பதில் என்ன குறை என்று முதலில் கேளுங்கள். தறியோசை நிறைந்த அந்த ஊரில் ஒரு தாயின் கழுத்தில் சங்கிலி தங்கியதும், ஒரு பங்கின் பாட்டுக்கு அடிநாதம் கிடைத்ததும் அந்த ஒரு கேள்வியினால்தான்.